சேது பெயருக்கு ஒரு ஜோடி கண்மலர்

வெஸ்டன்ஹாம், இங்கிலாந்து
9 மார்ச் 1987

கலா,

இதை ஏன் மீரா முகைதீன் முதலாளியின் துணிக்கடை விலாசத்துக்குப் போட்டிருக்கிறேன் என்று யோசிப்பாய். வீட்டுக்குப் போட்டால் தோட்டத்து ஆபீசிலிருந்து அப்பாதான் வாங்கி வருவார். நீ நடுவீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் சத்தமாக வாசிக்க வேண்டும். அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுச் சன்னாசி மாமா, வாசலில் அவருடைய மாடு, எல்லாம் காது கொடுத்து நிற்கும். அந்தக் கடிதமும் தனியாக வருகிறது. குளிர், ரொட்டி, சௌக்கியம் எல்லாம் அதில் இருக்கிறது. இது உனக்கு மட்டும்.

இங்கே என்னதான் வேலை என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் மழுப்பிக்கொண்டே இருந்தேன். தலையில் ஒரு கவசம் மாட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாதிரிதான், கனம்தான் பச்சைத் தேங்காயைக் கட்டிவிட்ட மாதிரி. பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டிவி குழாய். வலது கண்ணுக்கு முன்னால் பாதி ரசம் பூசிய கண்ணாடித் துண்டு. அதை மாட்டிக்கொண்டு விமான நிலைய டவர் ஜன்னல் வழியாகப் பார்த்தால், வருகிற விமானத்துக்குப் பக்கத்திலேயே அதன் பெயர், உயரம், வேகம் எல்லாம் பச்சை எழுத்தில் மிதக்கும். பனிமூட்டத்தில் விமானமே தெரியாவிட்டாலும் அது எங்கே இருக்கிறதென்று ஒரு சதுரம் காட்டும். குனிந்து ராடாரைப் பார், நிமிர்ந்து ஜன்னலைப் பார் என்கிற அவஸ்தையே இல்லை.

நம் ஊர் சாயந்தர மழை உனக்குத் தெரியும். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல், பைலட்டின் பேச்சை மட்டும் நம்பி நான் விமானம் இறக்கிய நாட்கள் உண்டு. சட்டை வேர்வையில் நனைந்துவிடும். அதனால் இந்தக் கருவியை நான் மனசார நம்பித்தான் வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக, கவசத்தைக் கழற்றினால் எனக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. ஒரு விளக்கு இரண்டு விளக்கு. முதலில் கொஞ்ச நேரத்தில் சரியானது. இப்போது சாயந்தரம் வரைக்கும் இருக்கிறது. வெளியே தெரிந்தால் கண் பரிசோதனை வைப்பார்கள். வைத்தால் டவர் லைசன்ஸ் போய்விடும். லைசன்ஸ் போனால் சீனியர் பதவியும் இல்லை, சுபாங் விமான நிலையத்துப் பக்கத்தில் உனக்குச் சொல்லியிருந்த குவார்ட்டர்ஸ் வீடும் இல்லை.

யாரிடமும் மூச்சு விடாதே. எனக்குச் சத்தியம் செய்து எழுது.

சேது

*

புக்கிட் செராயா தோட்டம், கோல சிலாங்கூர்
24 மார்ச் 1987

என்னங்க,

சத்தியம் கேட்கிற ஆளைப் பார்! கடையில் சேலை மடித்துக்கொண்டே படித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து முதலாளி, "என்ன தங்கச்சி, மாப்பிள வெள்ளக்காரியக் கட்டிக்கிட்டாரா?" என்று கேட்டார். "அப்படிக் கட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன் முதலாளி" என்றேன். சிரித்துவிட்டு, பின்கட்டுக்குப் போய் அவர் மனைவி மெகராஜ் அக்காவிடம் சொல்லி எனக்குத் தேத்தண்ணி அனுப்பினார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

வீட்டில் நடப்பதையும் கேளுங்கள். நீங்கள் கவசத்தோடு அனுப்பிய படத்தை மாமா சட்டம் போட்டு முருகன் பக்கத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் இழுத்து நிறுத்துகிறார். "எம்மவன் தலையில டிவி மாட்டியிருக்கான்லா! இவன் கண்ண அசைச்சாத்தான் அங்க ஏரோப்ளேன் தரையில கால வைக்கும்." செம்பனைக் குலை வெட்டி முடித்து வருகிற ஆட்கள் தோளில் அரிவாளோடு நின்று கேட்கிறார்கள். நான் குசினி அடுப்படியிலிருந்து அந்தப் படத்தின் வலது கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கெர்லிங்கில் எங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமாகிவிட்டது, நாலு நாள் போய்ப் பார்த்து வருகிறேன் என்று அத்தையிடம் கேட்டேன். "புருசன் சீமையில இருக்கையில நீ அங்க போயி உக்காந்தீன்னா, சண்ட போட்டுக்கிட்டுப் போயிட்டான்னு லயமே சிரிக்கும்" என்றார். தாயம்மா அத்தை சொன்னால் சொன்னதுதான், உங்களுக்கே தெரியும். காலையில் கடைக்கு ஒரு பஸ், சாயந்தரம் வீட்டுக்கு ஒரு பஸ். சாயந்தர பஸ் தாமதமானால் அத்தை லயத்து வீட்டு வரிசை முனையில் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். நான் யாரோடு ஓடிவிடுவேன் என்று நினைக்கிறார்? மீரா முகைதீன் முதலாளியோடா?

அந்தக் குவார்ட்டர்ஸ் வீட்டை நான் தினமும் நினைக்கிறேன். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் சும்மா உட்கார ஓர் அறை. எனக்கு அது வேண்டாமென்று யார் சொன்னது? உயிரைக் கொடுத்து வேண்டும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கண் போன பிறகு அந்த வீட்டின் ஜன்னலை யாருக்குக் காட்டுவது?

சத்தியம் செய்கிறேன். ஒரு மனுஷரிடமும் சொல்ல மாட்டேன்.

கலா

*

வெஸ்டன்ஹாம்
6 ஏப்ரல் 1987

கலா,

டாக்டரிடம் சொல் என்று எழுதுவது சுலபம். எங்கள் தொழிலில் உடம்பைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. காதில் இரைச்சல், தலைசுற்றல், எதுவானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு "ஃபைன்" என்போம். வருஷா வருஷம் மெடிக்கலில் பொய் சொல்லாத டவர்க்காரன் உலகத்திலேயே கிடையாது. சொன்னவன் மறுநாளே கோப்பு அடுக்கப் போய்விடுவான்.

கவசம் மாட்டுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். ஸ்காட்லாந்துக்காரர் இயன், நைஜீரியாக்காரர் ஒகாஃபோர், நான். திட்டத் தலைவர் ஹாலம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்களை வரிசையாக உட்கார வைத்து, "ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்பார். இயன் இல்லை என்பார். ஒகாஃபோர் இல்லை என்பார். அவர்கள் இருவரும் மலை மாதிரி உட்கார்ந்திருக்கும்போது, தோட்டத்துப் பையன் நான் மட்டும் எழுந்து, எனக்கு இரண்டாகத் தெரிகிறது என்று சொல்ல வேண்டுமா? என் கண்ணில்தான் கோளாறு கலா. கருவியில் இல்லை.

உன்னிடம் இன்னொன்றும் சொல்லவேண்டும். வேறு யாரிடம் சொல்வேன்? இங்கே பயன்படாமல் கிடக்கும் ஒரு பழைய விமானத் தளத்தில்தான் ஒத்திகை. இரண்டு சின்ன விமானங்கள் சுற்றிச் சுற்றி வரும், நாங்கள் மாறி மாறி இறக்க வேண்டும். போன வாரம் என் முறை. விமானத்தின் பக்கத்தில் பச்சை எழுத்து தெளிவாக மிதந்தது. இறங்கலாம் என்றேன். ஓடுபாதை நடுவில் எண்ணெய் லோரி நின்றுகொண்டிருந்தது. என் கண்ணுக்கு நேராகத்தான் நின்றது. லோரிக்குப் பச்சை எழுத்து கிடையாது. பெயர் எழுதாத பொருளை நான் பார்க்கவே இல்லை. பைலட் கடைசி நேரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். லோரி டிரைவர் இறங்கிப் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

எனக்குத் தூக்கம் வந்திருக்கும் என்று ஹாலம் எழுதிக்கொண்டார். நானும் தலையாட்டினேன். வருஷக் கடைசியில் இந்தக் கவசத்தை நம்முடைய டவருக்கு வாங்க எங்கள் இலாகா தலைவர் துடிக்கிறார். எனக்குத்தான் பொறுப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்றுமில்லை, சரியாகிவிடும். எழுதிவிட்டேன், மறந்துவிடு.

சேது

*

புக்கிட் செராயா தோட்டம்
28 ஏப்ரல் 1987

என்னங்க,

மறந்துவிட வேண்டுமாம்! லோரிக்காரன் வாந்தி எடுத்ததை எழுதிவிட்டு மறந்துவிடு என்கிறீர்களே, நான் என்ன மரமா?

சித்திரைப் புத்தாண்டுக்கு நீங்கள் போன் செய்தீர்களே, அன்றைக்கே கண் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். நடந்த கூத்து உங்களுக்குத் தெரியாது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நாராயணசாமி ஆபீசிலிருந்து ஆள் அனுப்பினார். லயமே கிளம்பி வந்துவிட்டது. மாமா போனைக் காதில் வைக்காமல் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இங்கிலாந்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அத்தை அழுதார். கடைசியில் என் கையில் வந்தபோது கிராணி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, "பேசும்மா, பேசு, வெக்கப்படாதலா" என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றீர்கள். அவ்வளவுதான். ஆபீசை விட்டு வெளியே வந்து செம்பனை மரத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். அங்கேயும் ஒருத்தி பின்னாலேயே வந்து, "புருசன் நெனப்பாக்கா?" என்கிறாள். இந்தத் தோட்டத்தில் அழுவதற்குக்கூட ஆளில்லாத இடம் கிடையாது.

இது உங்கள் கண் மட்டும் என்றால் உங்கள் பாடு என்று விட்டிருப்பேன். விட்டிருக்க மாட்டேன், இருந்தாலும் சொல்கிறேன். கடைக்கு வெளியே நின்றால் கடல் பக்கமிருந்து விமானம் வருவது தெரியும். முன்பெல்லாம் நிமிர்ந்து பார்த்து, இது எங்க வீட்டுக்காரர் இறக்குற விமானம் என்று மெகராஜ் அக்காவிடம் பீற்றிக்கொள்வேன். இப்போது சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிறேன். அதில் எத்தனை பேர், யார் யாருடைய பிள்ளைகள்? கீழே எழுத்தில்லாத லோரி ஒன்று நின்றால்?

நீங்கள் வீட்டுக்கு எழுதின கடிதத்தில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வாசிக்க முடியாமல் நானே கதை கட்டி வாசித்தேன். உங்களுக்குப் பனி பிடித்திருக்கிறது, ஹாலம் துரை வீட்டில் விருந்து வைத்தார் என்று. மாமா கை தட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் மாரியம்மன் திருவிழா. ஒரு மனுஷரிடமும் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். அம்மனிடம் சொல்லிக்கொள்கிறேன். அதற்கும் லைசன்ஸ் போய்விடுமா?

கலா

*

வெஸ்டன்ஹாம்
29 மே 1987

கலாவதி,

போய்விட்டது. நீ நினைத்தது நடந்துவிட்டது.

நேற்று இலாகாவிலிருந்து ஹாலமுக்கு டெலக்ஸ் வந்தது. சேதுவின் பார்வையில் குறை இருப்பதாகக் கேள்விப்படுகிறோம், உடனே கண் மருத்துவரிடம் காட்டிப் பதில் அனுப்பவும் என்று. எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, நீ ஒருத்தி மட்டும் அறிந்த விஷயம், எப்படி டெலக்ஸில் வருகிறது?

கோலாலம்பூருக்கு டிரங்க் கால் போட்டு, கூட வேலை பார்க்கும் சுப்பிரமணியத்திடம் கேட்டேன். அவன் சொன்னான்: "உங்க தோட்டத்துக் கோயில்ல உன் பேருக்குக் கண்ணு வாங்கி வச்சாங்களாம்லா. கிராணியோட மச்சான்தான் நம்ம ஆபீஸ் கிளார்க்கு. கேண்டீன் பூரா அதே பேச்சுதான்."

மெடிக்கல் போர்டிலே பொய் சொல்லித் தப்பித்தவன், கோயில் தட்டில் மாட்டிக்கொண்டேன். உன்னை நம்பி எழுதினேன். எழுதாமலே இருந்திருக்கலாம். பதினொரு வருஷம் ஏறி வந்த படியை ஒரு வெள்ளித் தகட்டால் வெட்டிவிட்டாய். செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் பார்க்கிறார்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சேது

*

புக்கிட் செராயா தோட்டம்
10 ஜூன் 1987

என்னங்க,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்க நான் உங்கள் இலாகா கிளார்க் இல்லை. பெண்டாட்டி. கேளுங்கள்.

கோல சிலாங்கூர் பத்தரிடம் ஒரு ஜோடி கண்மலர் வாங்கினேன். வெள்ளித் தகட்டில் இரண்டு கண். திருவிழா அன்று தட்டில் தேங்காய், பழம், வெற்றிலையோடு அதையும் வைத்துக் கொண்டுபோனேன். கூட்டம் நெரிந்தது. பூசாரி கழுத்தில் மைக் தொங்கிக்கொண்டிருந்தது. என் தட்டை வாங்கிப் பார்த்தார். "கண்மலரா? யாரு பேருக்கும்மா?" லௌட்ஸ்பீக்கர் ஐந்து லயத்துக்கும் கேட்டது. நான் உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அவர் திருப்பி மைக்கில் பாடினார். "சேது நாமதேயஸ்ய, உத்திரட்டாதி நட்சத்திரே." மேளக்காரன்கூட அடிப்பதை நிறுத்திவிட்டான்.

கோயில் கமிட்டித் தலைவர் என்ற முறையில் கிராணி நாராயணசாமி பரிவட்டத்தோடு பக்கத்திலேயே நின்றார். "என்னம்மா கலாவதி, சேதுக்குக் கண்ணுல என்னா?" என்றார். நான் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். ஒரு மனுஷரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேனே.

வீட்டுக்கு வந்ததும் மாமா என்னோடு பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. நான் சோறு போட்டால் தட்டை அத்தை கையிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறார். அத்தை என்னை அடிக்கக் கை ஓங்கி, அப்படியே என் தோளில் சாய்ந்து, "எம் புள்ளைக்கிக் கண்ணு தெரியலையாடி?" என்று ஒப்பாரி வைத்துவிட்டார். கெர்லிங் இனிமேல் கிடையாது. கடைக்குப் போவதே பெரிய பாடாக இருக்கிறது. மீரா முகைதீன் முதலாளி வந்து மாமாவிடம் பேசிய பிறகுதான் விட்டார்கள்.

தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பொய் எனக்கு வரவில்லை. சாதாரண வெள்ளிக்கிழமையில் ஆளில்லாத நேரத்தில் போய் வைத்திருக்கலாம். பூசாரி மைக்கில் கேட்பார் என்று தெரியும். கிராணி நிற்பார் என்று தெரியும். அவர் மச்சான் உங்கள் இலாகாவில் இருக்கிறான் என்று நம் கல்யாணத்திலேயே நாலு தடவை பீற்றினார். தெரிந்துதான் போனேன். எனக்கு வர இருந்த வீட்டின் சாவியை நானே கொண்டுபோய் அந்தத் தட்டில் வைத்தேன்.

என்னைத் திட்டுங்கள். ஆனால் டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். சாமி சத்தியமாகத் தூக்கமில்லை.

கலா

*

வெஸ்டன்ஹாம்
2 ஜூலை 1987

கலா,

உன் கடிதம் வந்து நாலைந்து நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்துப் படித்த பிறகு கோபம் இன்னும் ஏறியது. இப்போதும் இருக்கிறது. ஆனால் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும், அதுதான் என் தலையெழுத்து.

கண் டாக்டர் ஒரு அம்மாள். கவசத்தை எவ்வளவு நாள் மாட்டுகிறீர்கள் என்று கேட்டார். ஒரு கண்ணுக்கு மட்டும் பக்கத்தில் எழுத்தும், இன்னொரு கண்ணுக்குத் தூரத்தில் வானமுமாகக் காட்டிக்கொண்டே இருந்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய மறந்துபோகும் என்றார். பிறகு, மற்ற இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள் என்றார்.

நாங்கள் மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இயன் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "உனக்கும் இரண்டா?" என்று கேட்டார். இரண்டு மாதமாக ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் கார் ஓட்டுகிறாராம். ஒகாஃபோர் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றி ஊற்றி, வீட்டுக்கார அம்மாவிடம் திட்டு வாங்குகிறாராம். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்து, இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறோம்.

இந்த மாதக் கடைசியில் கமிட்டி கூடுகிறது. எங்களை ஒவ்வொருவராகக் கேட்பார்கள். ஹாலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குளிர்காலக் களைப்பு, ஃப்ளூ என்று சொல்லிவிடுங்கள், டாக்டரின் குறிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்படிச் சொன்னால் லைசன்ஸ் இருக்கும். கவசம் நம் டவருக்கு வரும், பொறுப்பு எனக்கு. எங்கள் தலைவரும் போனில் குவார்ட்டர்ஸ் உறுதி என்றார். உண்மையைச் சொன்னால் லைசன்ஸை நிறுத்திவிடுவார்கள். கண் சரியானாலும் திரும்பக் கொடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. இயனும் ஒகாஃபோரும் களைப்பு என்று சொல்லத் தயார், நானும் சேர்ந்தால்.

என்னால் தீர்மானிக்க முடியவில்லை. குவார்ட்டர்ஸ் உனக்காகத்தான். அப்பா பேசாத வீட்டில் நீ கிடப்பதை நினைத்தால், களைப்பு என்று சொல்லிவிட்டு வந்து உன்னை அங்கிருந்து கூட்டிப்போக வேண்டும் போல இருக்கிறது. நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

சேது

*

புக்கிட் செராயா தோட்டம்
13 ஜூலை 1987

என்னங்க,

நல்லா இருக்கே நியாயம்! பொய் சொன்னால் கலாவுக்காகச் சொன்னேன், உண்மை சொன்னால் கலா சொல்லச் சொன்னாள். நீங்கள் மட்டும் எதிலும் இல்லை. கையில் கிடைத்தால் அந்தக் கவசத்தாலேயே ஒன்று போடுவேன்.

நேற்று அந்தக் குவார்ட்டர்ஸைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கடைக்குச் சரக்கு எடுக்க முதலாளி கோலாலம்பூர் போனார், மெகராஜ் அக்காவும் நானும் கூடப் போனோம். கோலாலம்பூர் நெருங்கினதும் முதலாளியிடம் கெஞ்சி, சுபாங் பக்கம் வேனைத் திருப்பச் சொன்னேன். வெளியே நின்று பார்த்தேன். நீல ஜன்னல். வாசலில் யாரோ ஒரு பெண் தலையை உலர்த்திக்கொண்டு ஒருத்தர் கண்ணும் படாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அவ்வளவு ஆசை எனக்கு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெரிய தியாகி மாதிரி பேசுகிறாள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

வேனுக்குத் திரும்பும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. சக்கரம்கூடத் தெரிந்தது. ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம். மெகராஜ் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். அந்த நீல ஜன்னலுக்குள் படுத்துக்கொண்டு, தினமும் இந்தச் சத்தத்தைக் கேட்டு, இன்றைக்கு டவரில் யார் தலையில் கவசம் இருக்கிறது, பாதையில் ஏதாவது நிற்கிறதா என்று எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டும். அது வீடா? இங்கே அத்தை லயத்து முனையில் நிற்கிறார், அவ்வளவுதானே. அங்கே நானே எனக்குக் காவல் நிற்க வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள். எனக்காக இல்லை. நீங்கள் பார்த்ததை நீங்கள் சொல்லுங்கள். லோரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இயனும் ஒகாஃபோரும் என்ன சொன்னாலும் சரி.

வீடு போனால் நான் அழுவேன், கட்டாயம் அழுவேன், உங்களைத் திட்டித்தான் அழுவேன். அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

கலா

*

வெஸ்டன்ஹாம்
5 ஆகஸ்ட் 1987

கலா,

சொல்லிவிட்டேன்.

நீளமான மேசை, ஏழெட்டுப் பேர். ஹாலம் கையில் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். பிப்ரவரியிலிருந்து இரண்டாகத் தெரிகிறது, வெள்ளிக்கிழமை தோறும் பொய் சொன்னேன் என்றேன். லோரியைச் சொன்னேன். தூக்கக் கலக்கமில்லை, பச்சை எழுத்து இல்லாத எதையும் என் கண் எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். எனக்கு அடுத்து ஒகாஃபோர் எழுந்து, எனக்கும் அப்படித்தான் என்றார். இயன் மட்டும் களைப்பு என்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

கவசத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம் டவருக்கு இப்போதைக்கு வராது. திருத்தி மறுபடி கொண்டுவருவார்களா என்று எனக்குத் தெரியாது. என் லைசன்ஸை அன்று சாயந்தரமே நிறுத்திவிட்டார்கள். இலாகாவில் தளவாடக் கிடங்கில் மேசை கொடுத்திருக்கிறார்கள். குவார்ட்டர்ஸ் வேறு ஒருவருக்கு. தலைவர் என்னோடு போனில் பேச மறுத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை கலா. உன் மேல், இலாகா மேல், என் மேல். காலையில் எழுந்ததும் இன்றைக்கு டவர் இல்லை என்று ஞாபகம் வருகிறது. கண் கொஞ்சம் தேவலை. சாயந்தரமானால் மட்டும் பிசகுகிறது. விமான நிலையத்தில் இரண்டு கலாவதிகள் நின்றால் யாரிடம் முதலில் திட்டு வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. அவர் எழுந்து போனாலும் நிறுத்தாதே.

இருபத்திரண்டாம் தேதி சாயந்தரம் இறங்குகிறேன். மழை நேரம். அன்று டவரில் யார் இருப்பார் என்று தெரியாது. யாராக இருந்தாலும் வெறும் கண்ணோடு ஜன்னலில் ஒட்டி நின்று, பாதையில் ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் எங்களை இறக்குவார். அந்த இடத்தில் நான் இல்லை என்பதுதான் ஆறவில்லை. ஆனால் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பயமில்லாமல் உட்கார்ந்து வருவேன்.

அம்மாவைக் கூட்டி வராதே, அங்கேயே அழ ஆரம்பித்துவிடும். நீ மட்டும் வா. அப்புறம் இரண்டு பேரும் பஸ் ஏறி அந்தத் தோட்டத்து வீட்டுக்கே போவோம்.

சேது